சனிக்கு ஏன் மகரமும் கும்பமும் சொந்த வீடு? சாத்திரியாரிடம் கேட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

படுவான்கரைத் தம்பி

அக்காவின் கல்யாணப் பேச்சுக்கால் 2011இல். அக்கா சிம்மம், மாப்பிள்ளை கும்பம். மிச்சம் உங்களுக்கே விளங்கும். ஏழாம் ராசி என்றால் பொதுவாகக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பார்கள். இந்தச் சோடியையும் கடகம்–மகரத்தையும் மட்டும் தள்ளிவிடுவார்கள்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு வயதான சாத்திரியாரிடம் அப்பாவும் நானும் போனோம். இரண்டு குறிப்பையும் பார்த்த கையோடு, "ராசியதிபதி பகை" என்றார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அக்காவுக்கு விருப்பம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தில் கேட்டுவிட்டேன்: "ஐயா, சிம்மத்தைச் சூரியனுக்கும் கும்பத்தைச் சனிக்கும் எழுதிக் குடுத்தது ஆர்?"

அவர் கோபிக்கவில்லை. வட்டாவை இழுத்து, பெரிய வெற்றிலையாக ஒன்றை எடுத்துத் துடையில் துடைத்தார். நடு நரம்புக்கு ஒரு பக்கமாக, நுனியிலிருந்து காம்பு வரை ஆறு சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். நுனியில் சிம்மம், சூரியன். பிறகு கன்னிக்குப் புதன், துலாத்துக்குச் சுக்கிரன், விருச்சிகத்துக்குச் செவ்வாய், தனுசுக்கு வியாழன். காம்படியில் மகரம், சனி. "நடையைப் பார் மனே. புதன் சூரியனுக்குக் கிட்டவே ஓடித் திரியிறவன். சனி மந்தன். ஒரு சுத்துச் சுத்த முப்பது வருசம். ஆறுதலா நடக்கிறவன் கடைசியிலதானே நிப்பான்."

சுண்ணாம்பு காயும் முன் இலையை நரம்போடு மடித்து, பெருவிரலால் அழுத்தி விரித்தார். மறுபக்கத்திலும் ஆறு பொட்டு விழுந்திருந்தது. கடகம், மிதுனம், ரிஷபம், மேஷம், மீனம், கும்பம். நுனிப் பொட்டை மட்டும் தொட்டு, "இது சந்திரன். ராசாவுக்கும் ராணிக்கும் ஒவ்வொரு வீடு, மற்ற அஞ்சு பேருக்கும் ரெண்டு ரெண்டு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பன்னிரண்டு ராசியும் ஏழு கிரகமும் ஒரு மடிப்பில் அடங்கிவிட்டன.

அப்போதுதான் ஒன்று பட்டது. சனி கடைசியில் நிற்பதால்தான் அவன் வீடு சூரியன் வீட்டுக்கு எதிரே விழுந்திருக்கிறது. கடைசியில் நிற்பது எப்படிப் பகையாகும்? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் அதே இலையில் பாக்கை வைத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்பா எழும்பிவிட்டார். சம்பந்தம் அதோடு முடிந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அமிர்தகழிப் பிள்ளை

எனக்கு இந்த வீட்டுக் கதையைச் சொல்லித் தந்தது பெத்தா, என் பாட்டி. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம். எனக்குப் பத்து வயது இருக்கும். சனத்துக்குள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினா. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "இண்டைக்குச் சூரியன் சந்திரன்ட வீட்டுக்கு வந்திருக்கான் கிளி, ரெண்டு பேரும் ஒண்டா நிக்காங்க" என்று மேலே காட்டினா. வெயிலில் கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை. ஆடியில் சூரியன் கடகத்தில் நிற்பதும், அமாவாசையில் சந்திரன் அதே ராசிக்கு வருவதும் எனக்கு விளங்கியது ஏ.எல். படிக்கும்போதுதான். அதற்கு முன்பே பெத்தா போய்விட்டா. விளங்கிவிட்டது என்று சொல்ல ஆள் இல்லை.

ஆரையூர்ச் செல்வி

அம்மாவும் கும்பம்தான். ஏழரைச் சனி முழுவதும் சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரித்தவ. போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் போனைக் காட்டி, "அம்மம்மா, கும்பத்துக்குச் சனி இல்ல, யுரேனஸ்" என்றான். அம்மா கோயிலுக்குப் போக எள்ளுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றா. செருப்பைப் போடாமல் அப்படியே நின்று என்னிடம் கேட்டா: "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்கு எரிச்ச?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகுதான் தேடி வாசித்தேன். யுரேனஸை வில்லியம் ஹெர்ஷல் கண்டது 1781இல். நெப்டியூன் 1846இல், புளூட்டோ 1930இல். மேற்கத்தைய சோதிடர்கள்தான் கும்பத்தை யுரேனஸுக்கும் மீனத்தை நெப்டியூனுக்கும் விருச்சிகத்தைப் புளூட்டோவுக்கும் கொடுத்தார்கள். நம் முறையில் வீடு மாறவே இல்லை, ராகு கேதுவுக்குக்கூட அந்த ஏழு பேரின் வீடுகளில்தான் இடம். இதை அன்று வாசலில் வைத்தே சொல்லியிருந்தால் அம்மா அந்த வாரமும் போயிருப்பா.

கல்முனை வாத்தியார்

படுவான்கரைத் தம்பி, உங்கள் சாத்திரியார் சொன்னது சரி, ஆனால் பாதிதான். "ஆர் எழுதிக் குடுத்தது" என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. எழுத்தில் காரணம் சொன்னவர்களில் முக்கியமானவர் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. கடகமும் சிம்மமும் வடக்கே, உச்சிக்கு மிகக் கிட்ட வரும் சூடான ராசிகள், அதனால் ஒளி தரும் இருவருக்கும் அவை. சனி குளிர், ஆகவே அவற்றுக்கு எதிரே உள்ள இரண்டும் அவனுக்கு. நீங்கள் கேட்காமல் விட்டதற்கும் தொலமியிடம் பதில் இருக்கிறது. நேரெதிர்ப் பார்வை நன்மை தராது, வியாழனின் வீடுகள் நாலு ராசி தள்ளி, முக்கோணப் பார்வையில் இருப்பதால் நன்மை தரும் என்கிறார். இடம் முதலில், குணம் அதையொட்டி.

என் அனுபவம் சின்னது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் வெள்ளி பார்க்க நின்றோம். ஒரு மாணவி, "சேர், வெள்ளி ஏன் நடுச்சாமத்தில வாறதில்ல?" என்றாள். அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, புதன் 28 பாகைக்கு மேல் விலகாது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் திடுக்கிட்டது. ஒரு ராசி 30 பாகை. சூரியன் வீட்டிலிருந்து புதனுக்குப் பக்கத்து ராசி, வெள்ளி என்ற சுக்கிரனுக்கு அதற்கடுத்தது!

இது கிரேக்கத்திலிருந்து வந்ததா என்று சண்டை பிடிப்பவர்களுக்கு: 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தன் பிருகத் சாதகத்தில் மேஷத்தைக் கிரிய, ரிஷபத்தைத் தாவுரி, சிம்மத்தை லேய என்றும் சொல்கிறார். மூன்றும் கிரேக்கச் சொற்கள். ஹோரையும் கேந்திரமும் அப்படியே. மறைக்காமல் எழுதி வைத்தவரை மதிக்க வேண்டும்.

இனி, பிள்ளைகளுக்குப் பார்க்கிறவர்கள் கவனியுங்கள். பத்துப் பொருத்தத்தில் ராசியதிபதி ஒன்றுதான். அதை மட்டும் வைத்து எழும்பி வராதீர்கள். குறிப்பு வாக்கியப் பஞ்சாங்கப்படியா திருக்கணிதப் பஞ்சாங்கப்படியா என்று கேளுங்கள், ராசி எல்லையில் பிறந்த பிள்ளைக்கு இரண்டிலும் ராசியே மாறலாம். இலை தேவையில்லை, குறிப்பில் இருக்கும் கட்டத்தையே கடகத்துக்கும் சிம்மத்துக்கும் நடுவே மடித்துப் பாருங்கள். பெண்ணையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாருங்கள்.

சம்மாந்துறை வயல்காரன்

வாத்தியார் சொன்ன "உச்சி" நம்ம ஊருக்குப் பொருந்தாது. வாப்பா ஒரு ஏப்ரல் மாதம், 10ஆம் திகதியை ஒட்டி, பகல் பன்னிரண்டு தாண்டும் நேரம் வரப்பில் அலவாங்கை (கடப்பாரையை) நேராக நட்டுக் காட்டினார். நிழலே இல்லை. ஆடியிலும் ஆவணித் தொடக்கத்திலும் நட்டால் நிழல் விழும். அந்த மாதங்களில் நம்மை வாட்டுவது கச்சான் காற்று. தை மாசி குளிர் என்பது மட்டும் சரி, மாரி மழை நின்ற ஈரம்.

பக்கத்து வயல் அண்ணன் சாத்திரம் தெரிந்தவர். "சித்திரையில தலைக்கு மேல நிக்கிற சூரியனுக்கு ஏன் ஆவணியில வீடு?" என்று அவரிடம் கேட்டேன். "ஆவணியில நிக்கிற சிம்மம் அவர்ட வீடு தம்பி, ஆனா உச்சம், ஆகப் பலமா நிக்கிறது, சித்திரையில நிக்கிற மேஷத்திலதான்" என்றார். வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல் வாப்பாவின் அலவாங்கோடு போய் ஒட்டிக்கொண்டது.

படுவான்கரைத் தம்பி

வாத்தியார், நீங்கள் சொன்னபடி செய்தேன். அக்கா இப்போது செங்கலடியில், இரண்டு பிள்ளைகள். நேற்று வந்திருந்தா. றங்குப் பெட்டியிலிருந்து அவவின் குறிப்பை எடுத்து, கட்டத்தை நடுவால் மடித்துக் காட்டினேன். சிம்மமும் கடகமும் ஒட்டின, மகரமும் கும்பமும் ஒட்டின. வெற்றிலைக் கதையையும் முதல் தடவையாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தா. பிறகு, "அந்த ஆக்களுக்கு என்ன காரணம் சொல்லி அனுப்பின நீங்க?" என்று கேட்டா.

குறிப்புப் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லி விட்டிருந்தார் அப்பா. அவ்வளவுதான் சொன்னது.