கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் எந்தக் கேம்?

மின்தூக்கி62:

வணக்கம். போன மாதம் சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் ஒரு மரச்சாமான் பட்டறையைக் காலி செய்தார்கள். பிளைவுட் பலகைகளுக்குப் பின்னால், காசு போட்டு வீடியோ கேம் ஆடும் ஓர் ஆர்க்கேட் பெட்டி நின்றுகொண்டிருந்தது. 350 வெள்ளி கொடுத்து, லாரி பிடித்து, புக்கிட் பாத்தோக் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மின்தூக்கிப் பராமரிப்பில் 26 வருடம் இருந்தவன், ஒயரிங் பழக்கம்தான். இருந்தும் இந்தப் பெட்டி என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது ஓடுவது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. அது இதற்குச் சொந்தமான கேம் இல்லை. உடம்பு முழுக்கக் கறுப்புப் பெயிண்டைப் பிரஷ்ஷால் பூசியிருக்கிறார்கள். பட்டன்கள் இருக்கும் பலகை பிற்பாடு வெட்டி வைத்தது. மானிட்டர் கிடைவாக்கில் இருக்கிறது, ஆனால் பழைய திருகு ஓட்டைகள் நெட்டுவாக்கில் மாட்டியதற்கானவை.

எனக்குப் பிடிபடாதது மானிட்டர் ஒயரிங். ஜாமா கனெக்டரிலிருந்து (கேம் போர்டைப் பெட்டியின் ஒயர்களோடு இணைப்பது) மானிட்டருக்குப் போகும் சிவப்பு, பச்சை, நீல ஒயர்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பார்த்தேன். கேமில் வரும் வீரன் ரியூவின் வெள்ளை உடை கறுப்பாகிவிட்டது, படம் முழுக்க ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி. திரும்ப மாட்டியதும் சரியானது. ஸ்பீக்கர் ஒயர்களும் மானிட்டருக்குள்தான் போகின்றன. அடியில் 100 வோல்ட் தரும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. நம் 230 வோல்ட்டை 115 ஆக்க இன்னொன்றை யாரோ அதற்கு முன்னால் சேர்த்திருக்கிறார்கள்.

முறையாகப் பழுதுபார்க்க ஆசை. கண்ட ஸ்டிக்கரையும் ஒட்ட மனமில்லை. இது எந்தக் கேமாகப் பிறந்தது?

ஈசூன்வாசி:

நெட்டுவாக்குத் திரை என்றால் பேக்-மேன் அல்லது கலாகாவாக இருக்கலாம் அண்ணே. எங்காவது கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பேக்-மேன்.

சால்டரிங்_செல்வா:

அண்ணே, சுரண்ட வேண்டாம்! முதலில் அந்தத் தீப்பெட்டி போர்டைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி.

80களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தன் பெட்டிகளில் சான்யோ தயாரித்த 20 அங்குல மானிட்டரைப் போட்டது. மற்ற நிறுவனங்களின் கேம் போர்டுகள் அனுப்பும் வண்ண சிக்னலுக்கு நேர் தலைகீழான சிக்னலை அது எதிர்பார்க்கும். அதனால்தான் உங்களுக்கு நெகட்டிவ் படம் வந்தது. நடுவில் இருக்கும் போர்டு சிக்னலைப் புரட்டிக் கொடுக்கிறது. ஒலி ஆம்ப்ளிஃபயரும் அந்த மானிட்டரிலேயே உண்டு, ஆகவே ஸ்பீக்கர் ஒயர் அங்கே போகிறது. ஜப்பானில் வீட்டு மின்சாரமே 100 வோல்ட், மானிட்டருக்கும் அதுதான் வேண்டும். அமெரிக்காவுக்குப் போன பெட்டிகளில் அதற்காகவே அடியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். உங்களுடையது அமெரிக்கா போய்ச் சுற்றி வந்த நிண்டெண்டோ பெட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்தக் கேம் என்பதை நிறம் சொல்லும். நீலம் என்றால் பெரும்பாலும் டாங்கி காங். ஆரஞ்சு என்றால் டாங்கி காங் ஜூனியர். பிரஷ் நுழையாத இடமாகப் பாருங்கள், காசு போடும் கதவின் கீலுக்கு அடியில் இருப்பதுபோல. மானிட்டர் பக்கம் கை வைப்பதற்கு முன்னால் படக்குழாயில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மின்தூக்கி62:

நன்றி தம்பி. நேற்று இரவு கீலைக் கழற்றினேன். திருகுகளின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை, இதுவரை யாரும் கழற்றியதாகத் தெரியவில்லை. அடியில் நீலமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. நல்ல சிவப்பு!

சால்டரிங்_செல்வா:

அண்ணே, உட்கார்ந்து படியுங்கள்.

1980-ல் நிண்டெண்டோ ரேடார் ஸ்கோப் என்ற விண்வெளிச் சுடும் கேமை வெளியிட்டது. அமெரிக்கக் கிளை 3,000 பெட்டிகளை வரவழைத்தது. அவை கப்பலில் வந்து சேர்வதற்குள் மவுசு போய்விட்டது. ஏறக்குறைய 1,000 மட்டுமே விற்றன, மிச்சம் கிடங்கில் தேங்கிவிட்டன. அந்தப் பெட்டிகளில் போடுவதற்காகவே ஒரு புதுக் கேம் செய்யும் வேலை இளம் ஓவியர் ஷிகெரு மியாமோட்டோவிடம் போனது. அதுதான் 1981-ல் வந்த டாங்கி காங். கிளைத் தலைவர் மினோரு அரகாவாவும் அவர் மனைவியும்கூட மற்றவர்களோடு உட்கார்ந்து, தேங்கிய பெட்டிகளைக் கையாலேயே மாற்றினார்கள்.

ரேடார் ஸ்கோப் பெட்டியின் நிறம் சிவப்பு. மாற்றியவற்றையும் சிவப்பாகவே விட்டார்கள். நீலப் பெட்டிகள் அதற்குப் பிறகு வந்தவை. கீலுக்கு அடியிலும் சிவப்பு என்றால் அது பிறந்த நிறம். ரேடார் ஸ்கோப்பாகப் பிறந்து, டாங்கி காங்காக வாழ்ந்து, ஸ்ட்ரீட் ஃபைட்டராக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஈசூன்வாசி:

அப்படியென்றால் எந்தக் கேமுக்குத் திருப்புவது? பிறந்ததற்கா, பேர் வாங்கியதற்கா?

மின்தூக்கி62:

இரண்டு நாள் இதையேதான் யோசித்தேன். ரேடார் ஸ்கோப் போர்டு என் காலத்தில் கிடைக்காது. டாங்கி காங்தான். கறுப்பை ஹீட் கன் வைத்துப் பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் ஒரு முழம் சிவப்பு வெளியே வந்துவிட்டது. மனைவி வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மானிட்டரைப் பழைய ஓட்டைகளுக்கே திருப்பி மாட்டுவேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் போர்டைத் தூக்கிப் போட மாட்டேன், அதுவும் இந்தப் பெட்டியின் கதைதான், துணியில் சுற்றி உள்ளேயே வைக்கப்போகிறேன். சனிக்கிழமை சிம் லிம் டவர் போகிறேன். நான்கு திசை மட்டும் அசையும் ஜாயிஸ்டிக் ஒன்று வேண்டும். தம்பி செல்வா, நேரமிருந்தால் நீங்களும் வாருங்கள்.