பெட்ரோலிய மண்டலம் அறிவித்த நாட்களில் உங்கள் ஊரில் நடந்தது

கொள்ளிடக்கரை:
எல்லோரும் பெட்ரோ ரசாயன ஆலைகளுக்கென்று நம் பக்கத்து ஊர்களைக் குறித்த அந்த அரசாணை பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஒரு ராத்திரிதான். 2017 ஐப்பசி, சம்பா நட்டுப் பத்து நாள். மடை மாற்றப் போனால், மதகடியில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டேங்கர் லாரி. நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது. குழாய் வாய்க்காலுக்குள் கிடந்தது. வாடை நெஞ்சை அடைத்தது. எங்கிருந்து வந்த லாரியோ. ஓட்டுநர் பதறவே இல்லை. "வயலு உங்களுதாண்ணே?" என்று கேட்டு, ஒரு 500 ரூபாய்த் தாளை என் சட்டைப் பையில் செருகினான். நான் எடுத்து எறியவில்லை. மறுநாள் என்ஜினுக்கு டீசல் வாங்கியது அந்தத் தாளில்தான்.

தரங்கம்பாடி மருமகள்:
எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு பேர். அந்த ஜூலையில்தான் அறிவிப்பு: கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமம், 57,345 ஏக்கர். எங்கள் ஊர் அதில் உண்டா என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோதே அவர்கள் போனில் எங்கள் சர்வே நம்பர் இருந்தது. "பெரியவரே, சர்க்கார் எடுத்தா என்ன தருவான்னு தெரியாது. நாங்க இன்னைக்கே தர்றோம்." பேசியவன் வெளியூர்க்காரன். கூட வந்தவன் என் கணவரோடு படித்தவன். மோர் கொடுத்தேன், தலை நிமிராமல் குடித்தான். அந்தக் குனிந்த தலைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மயிலாடுதுறை பொறியாளன்:
வராத மண்டலத்துக்கு எதற்கு இத்தனை ஒப்பாரி? 2020 பிப்ரவரியில் டெல்டா விளைநிலத்தைக் காக்கும் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, பெட்ரோலிய மண்டல அறிவிப்பும் ரத்தானது. லாரி மறுபடி வந்தால் அதற்குக் காரணம் மண்டலம் இல்லை, நீங்கள் வாங்கிய 500. நான் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கிறேன். எங்கள் தெருவில் பொங்கலுக்குத்தான் வாலிபர்களைப் பார்க்க முடியும்.

கொள்ளிடக்கரை:
வாங்கினேன் என்று சொன்னதே நான்தானே தம்பி. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளை அந்தச் சட்டம் தொடாது. அதையும் படி.

ஓய்வுபெற்ற விஏஓ:
பொறியாளருக்கு ஒரு வார்த்தை. மண்டலம் என்று பெயர் வைக்காமலும் நாசம் வரும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. அதற்குள் எத்தனை வயல் உப்பேறிப் போனது என்று கிராமக் கணக்கு எழுதிய எனக்குத் தெரியும். ஒரு அம்மா குடத்தை என் மேசையில் வைத்து, "குடிச்சுப் பாரு சார்" என்றார். குடித்தேன்.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பட்டா, சிட்டா ஜெராக்ஸ் யாருக்கும் சும்மா தராதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வெளியூர் வக்கீலிடம் காட்டுங்கள். உள்ளூர் வக்கீல் யார் பக்கம் என்று சொல்ல முடியாது. டேங்கரைப் பார்த்தால் தனியாகப் போய் மறிக்காதீர்கள். தள்ளி நின்று வீடியோ எடுங்கள். விடிந்ததும் நாலு பேர் முன்னால் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, நேரம் எழுதி ஒட்டுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறம், வாரிசுப் பட்டா மாற்றாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள், புரோக்கர்கள் தேடுவதே...

தரங்கம்பாடி மருமகள்:
ஐயா, ஜெராக்ஸை மாமா அன்றைக்கே கொடுத்துவிட்டார். முதலில் எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.