மறு: ஹெட் நட்டு இறுகியபின் பிடித்துவைக்கும் விசை: ‘கவ்வுவிசை’ எனலாமா?

நண்பர்களே, வணக்கம். எஞ்சின் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) நட்டை இறுக்கியபின் அதைப் பிடித்துவைக்கும் விசைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘முறுக்குவிசை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இதற்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன? நட்டை முறுக்குகிறோம், இறுகுகிறது. மெக்கானிக்குக்கு இரண்டும் ஒன்றுதானே?

ஐயா, முறுக்குவிசையும் (டார்க்) இந்தப் பிடியும் வேறு என்பதால்தான் புதுச்சொல் தேவைப்படுகிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான கையேட்டில் நாம் எடுத்துக்கொண்ட பழைய அம்பாசிடர் எஞ்சினையே பார்ப்போம். 1489 சிசி, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பிளாக்கில் நிற்கும் ஸ்டட்களின் (மரை வெட்டிய எஃகுக் கம்பிகள்) வழியாகக் கேஸ்கட்டை (கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு) இறக்கி, அதன்மேல் ஹெட்டை உட்காரவைத்து, வாஷர் போட்டு நட்டை ஏற்றுகிறோம். நட்டு உட்கார்ந்த பிறகும் திருகினால் ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஹெட்டையும் கேஸ்கட்டையும் பிளாக்கோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பாருங்கள். இந்த எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ. கலவை எரியும் கணத்தில் உள்ளே 40 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு) அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சிலிண்டர் மட்டுமே ஹெட்டை ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட விசையோடு மேலே தள்ளும். கேஸ்கட் தாங்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள ஸ்டட்களின் பிடி அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆக, இங்கே மூன்று அளவுகள் இருக்கின்றன. ஸ்பேனரில் கை கொடுப்பது ஒன்று. ஸ்டட்டுக்குள் இருப்பது இன்னொன்று. அதற்கு ‘இழுவிசை’ என்ற பாடநூல் சொல்லே போதும். கேஸ்கட்டின் மேல் விழும் பிடி மூன்றாவது. பெயர் இல்லாமல் நிற்பது இந்த மூன்றாவதுதான். எஞ்சினைக் காப்பாற்றுவதும் அதுதான்.

முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்றால் ஒரே சொல் போதும் என்று நானும் விட்டுவிடுவேன். அப்படி இல்லை. கை கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரையின் (திருகுப் புரி) உராய்வில் போகும். ஸ்டட்டை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடி நிறைய மாறிவிடும். 10 மி.மீ. ஸ்டட் ஒன்றை 60 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்குகிறோம். மரை காய்ந்து கிடந்தால் சுமார் 3 டன் பிடி கிடைக்கும். அதையே சுத்தம் செய்து எண்ணெய் தடவி இறுக்கினால் 4 டன் வரை போகும். இரண்டு முறையும் டார்க் ரெஞ்ச் (கொடுக்கும் முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) காட்டுவது ஒரே எண். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, மரையைத் துடைக்கச் சொல்லி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று மாணவருக்கு எப்படி விளக்குவது?

அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எஃகு ஸ்டட் அந்த அளவுக்கு நீளாது. ஸ்பேனரை யாரும் தொடாமலே பிடி கூடிவிடுகிறது, ஆறினால் பழைய நிலைக்கு வருகிறது. வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய ஹெட்டைக் குளிர்ந்த நிலையில்தான் இறுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சொல்லுக்கு வருவோம். குழுவில் வந்தவற்றில் ‘இறுக்கம்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பட்டறையில் ‘நல்லா இறுக்கமா வை’ என்றால் கை வேகத்தைத்தான் சொல்கிறார்கள். பழைய குழப்பமே வேறு பெயரில் திரும்ப வரும். ‘பிணைப்பு விசை’ வேதியியலை நினைவூட்டுகிறது. ‘பிடிமானம்’ அழகான சொல், ஆனால் டயருக்கும் சாலைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. ‘கவ்வுவிசை’யை நான் ஆதரிப்பதற்குக் காரணம், இரண்டு பக்கமிருந்தும் பிடித்து வைத்திருப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ‘கவ்வி’ என்ற கருவிப் பெயரோடும் ஒத்துப்போகிறது. உந்துவிசை போல வினைத்தொகையாக ஒட்டி எழுதலாம்.

இதை ஏற்றால் ‘முறுக்குவிசை’யையும் திருத்த வேண்டிவரும். அது விசை அல்ல, விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. பள்ளி நூலில் உள்ள ‘திருப்பு விசை’க்கும் இதே சிக்கல்தான். ஒரே பத்தியில் முறுக்குவிசை, இழுவிசை, கவ்வுவிசை என்று மூன்றும் வந்தால் மூன்றும் ஒரே இனம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘முறுக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

> அப்படியே சிலிண்டர் ஹெட்டை ‘உருளைத்தலை’ என்றும், கேஸ்கட்டை ‘அடைப்புத்தகடு’ என்றும் மாற்றிவிடலாமே?

இதற்கு மட்டும் நான் உடன்படவில்லை. ஹெட், கேஸ்கட், ஸ்டட், வாஷர், டேப்பட் எல்லாம் பட்டறைத் தமிழில் ஊறிவிட்டன. பெயர் இருக்கும் பொருளுக்கு இன்னொரு பெயர் வைத்தால், மாணவர் வேலைக்குப் போன முதல் நாளே எதைக் கேட்டாலும் விழிப்பார். பட்டறையில் பெயரே இல்லாத கருத்துக்குப் பெயர் கொடுத்தால், அவர் அங்கே போகும்போது புதிதாக ஒன்றைக் கொண்டுபோகிறார். நம் உழைப்பு அங்கேதான் போக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சொற்கள் வாக்கியத்தில் எப்படி உட்காருகின்றன என்று பார்க்க, கையேட்டுக்கு நான் எழுதிய பகுதியைத் தருகிறேன்:

“ஹெட்டின் அடிப்பரப்பிலும் பிளாக்கின் மேற்பரப்பிலும் பழைய கேஸ்கட்டின் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வளைவு பார்க்கவும். வளைந்த ஹெட்டில் எவ்வளவு முறுக்கம் கொடுத்தாலும் கவ்வுவிசை எல்லா இடத்திலும் சமமாக விழாது. ஸ்டட் மரைகளைச் சுத்தம் செய்யவும். எண்ணெய் தடவுவதா வேண்டாமா என்பதில் எஞ்சின் கையேடு சொல்வதையே பின்பற்றவும். அதில் உள்ள முறுக்க அளவு அதைக் கணக்கில் கொண்டது. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கி, கையேட்டின் வரிசைப்படி, இரண்டு மூன்று கட்டங்களாக இறுக்கவும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் கேஸ்கட் தளர்ந்து நிற்கும்.

பழைய வகைக் கேஸ்கட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். அமுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் நீட்சி குறையும், கவ்வுவிசையும் குறையும். எனவே மறு இறுக்கம் தேவை என்று கையேடு சொன்னால், அது சொல்லும் நிலையில், அதே வரிசையில் செய்யவும். நின்ற நட்டை நகர்த்த ஓடும் நட்டைவிட அதிக முறுக்கம் தேவைப்படும். அதனால் நட்டு நகராமலே ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும். ஒவ்வொரு நட்டாகக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு முழு அளவுக்கு இறுக்கவும். அப்புறம் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) மறுபடி பார்க்கவும். ஹெட் கீழிறங்கியதில் இடைவெளி குறைந்திருக்கும். அது முழுதும் போய்விட்டால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும்.”

இதில் ‘கவ்வுவிசை’ வரும் இடங்களில் ‘முறுக்கம்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். இரண்டாம் பத்தியின் காரணம் காணாமல் போய்விடும்.

‘முறுக்கம்’ பற்றி எனக்கு ஒரே ஒரு தயக்கம் இருக்கிறது. தண்டு தானே முறுக்கிக்கொள்வதற்கும் சிலர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடும். கிராங்க் ஷாஃப்ட் அத்தியாயத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதற்கு ‘முறுகல்’ பொருந்துமா என்று இயந்திரவியல் படித்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். இலங்கை நண்பர்கள் தங்கள் பாடநூல்களில் எந்தச் சொல்லைப் படித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ‘கவ்வுவிசை’க்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள், மற்ற அத்தியாயங்களில் அதைச் சேர்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.