இது என்ன அணு உலையாங்க?

சங்ககிரிப் பக்கம், ரிக்கர் (கனமான பாரத்தைக் கட்டித் தூக்கற) வேலையில 31 வருசம்

போன வாரம் எங்கூருப் பக்கம் நூலுக்குக் கஞ்சி போடற ஒரு சைசிங்குல பாய்லர் இறக்குனாங்க. 5 டன். ஹைட்ரா, அதான் ரோட்டுல ஓட்டிட்டு வர்ற கிரேன், வந்து நின்னுச்சு. டிரைவர் பையன் அதோட கையை, அதாவது பூமை, நீட்டிப்போட்டு பீடி பத்த வெச்சுட்டான். பாரம் கட்டற கலாசிங்க ரெண்டு பேரு குட்டைச் சிலிங்கு (பாரத்தைக் கொக்கியில மாட்டற கயிறு) ரெண்டை இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு மாட்டுனாங்க. கொக்கி மேல ஏறுச்சு. சிலிங்கு ரெண்டும் நிமிரவே இல்ல, ஓட்டுக்கூரை மாதிரி சாஞ்சு கெடக்குது. டீ குடிக்கப் போன எனக்குப் பொறுக்கல. "தம்பி, நிறுத்து. நீளச் சிலிங்கு கொண்டா"ன்னு சொல்லிப்போட்டேன்.

சைசிங்காரர் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு: "ஏனுங்ணா, இது என்ன அணு உலையாங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க, நானுந்தான். நான் நெசமாலுமே அணு உலை கட்டுன எடத்துல வேலை செஞ்சவன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குட்டைச் சிலிங்குலயே பாய்லர் நல்லபடியாத்தான் எறங்குச்சு. அதுதான் கேடு. நல்லா எறங்கிட்டதால அடுத்த மாசமும் அதே குட்டைச் சிலிங்குதான்.

ரெண்டு பேரு ஒரு அண்டாவைத் தூக்கறதை நெனச்சுப் பாருங்க. கிட்டக்க நின்னு தூக்குனா லேசு. எட்டிப் போய் நின்னுக்கிட்டு கையை விரிச்சுத் தூக்குனா தோள்பட்டை கழண்டுரும். சிலிங்குக்கும் அதே கணக்குதான். 5 டன்னை ரெண்டு சிலிங்கு தூக்குனா ஆளுக்கு ரெண்டரை டன்னுன்னு நாம நெனைக்கிறோம். நேர் செங்குத்தா நின்னாத்தான் அந்தக் கணக்கு. தரைமட்டத்துல இருந்து 60 டிகிரியில நின்னா ஒண்ணொண்ணுக்கும் 2.9 டன் வரும். 45 டிகிரின்னா 3.5. 30 டிகிரிக்குச் சாஞ்சுதுன்னா ஒவ்வொரு சிலிங்குலயும் முழுசா 5 டன். பாய்லர் அதே பாய்லர்தான், எடை கூடவே இல்ல. சிலிங்கு குட்டையாப் போச்சு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்துல படிக்கல. கடலோரத்துல ஒரு அணுமின் நிலையக் கட்டுமானத்துக்கு ஒப்பந்த ஆளாப் போன எடத்துல கத்துக்கிட்டது. போன மொதல் வாரம் கயித்தைத் தொடவே விடல. வகுப்புல உக்கார வெச்சுட்டாங்க. "நாம என்ன எல்கேஜியா"ன்னு எங்க கூட்டத்துல ஒரே பொருமல். அப்பறம் ஒரு நாள், 18 டன் வெப்பமாற்றி ஒண்ணைத் தூக்கணும். காகிதம் மட்டும் ஏழெட்டுப் பக்கம். எந்தக் கிரேன், எவ்வளவு தூரத்துல நிக்கும், அடியில மண்ணு தாங்குமா, எந்தச் சிலிங்கு, எந்த வழியாப் போகும், காத்து எவ்வளவு வரைக்கும் பரவால்ல, சைகை காட்டறது யாரு, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும். சைகை ஒருத்தர்தான் காட்டணும். ஆனா "நிறுத்து"ங்கற சைகையை மட்டும் யாரு வேணாலும் காட்டலாம், டீ கொண்டு வர்ற பையன் உட்பட.

எல்லாம் மாட்டியாச்சு. கிரேன் லேசா இழுத்துப் பிடிச்சு நிக்குது. அப்ப எங்க கூட்டத்துலயே சின்னப் பையன், எடப்பாடிப் பக்கத்தவன், வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல, கையைத் தூக்கிட்டான். என்னடான்னா, சிலிங்குல நீலப் பட்டை இருக்குதாம். மூணு மாசத்துக்கு ஒரு நிறம்னு அங்க வழக்கம். சோதிச்சுப் பார்த்த சிலிங்குக்கு அந்தந்த மூணு மாசத்து நிறத்துல பட்டை ஒட்டுவாங்க. அப்ப ஓடிக்கிட்டு இருந்தது மஞ்சள்.

இறக்கியாச்சு. பதிவேட்டைத் தேடி எடுத்துட்டு வர ரெண்டரை மணி நேரம். பார்த்தா, சிலிங்கைச் சோதிச்சது சோதிச்சதுதான், பட்டை மாத்தத்தான் மறந்துட்டாங்க. சிலிங்கு கல்லுக்குண்டாட்டம் இருக்குது. எங்க ஃபோர்மேன் பையனைப் பார்த்த பார்வையில பையன் பொசுங்கிப் போயிருக்கணும்.

மறுநா காலையில எல்லாரையும் நிக்க வெச்சுப் பேசறப்ப அங்கிருந்த எஞ்சினியர் ஒருத்தர், அந்தப் பையனை முன்னால கூப்பிட்டாரு. "நேத்து இந்தத் தம்பி நிறுத்துனான். சிலிங்கு நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கும் இவன் இப்படியே நிறுத்தணும்"னாரு. கைதட்டலும் இல்ல, பரிசும் இல்ல. வேலைக்குப் போயிட்டோம். நிறுத்துனதுக்குக் காரணம் இல்லேன்னு தெரிஞ்ச பொறகும் நிறுத்துனது சரின்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி 12 வருசத்துல கேட்டதில்ல.

உங்களுக்கும் இப்படி ஏதாச்சும் இருந்தா எழுதுங்க.

கோவை, கிரேன் வடிவமைப்புப் பொறியாளர்

அண்ணா சொன்னதோட எங்க பக்கத்தையும் சேர்த்துடறேன். நான் கிரேன் வடிவமைக்கிறவள். பவுண்டரிக்கும் மில்லுக்கும் நிறைய செய்திருக்கிறோம். அணுமின் நிலையத்துக்கான விவரக்குறிப்பு ஒன்று முதல் தடவை மேசைக்கு வந்தபோது, எங்கள் சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எது அறுந்தாலும் பொருள் கீழே விழாதா?"

அதுதான் முழு வித்தியாசமும். சாதாரண ஈஓடி கிரேனில் (மேலே தண்டவாளத்தில் ஓடும் மின்கிரேன்) ரோப் அறுந்தால் பொருள் விழும். அதனால் ரோப்பைத் தடிமனாகப் போடுகிறோம், அவ்வளவுதான். உலைக்குள் முக்கியமான பாரம் தூக்கும் கிரேனில் கேள்வியே வேறு. ரோப் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஒன்று அறுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் இன்னொரு ரோப் தனியாகப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கும் ஒன்றுக்கு மேல். கொக்கி மேலே போய் முட்டாமல் நிறுத்துகிற லிமிட் சுவிட்சும் இரண்டு, அதுவும் இரண்டு வகை, ஒரே கோளாறில் இரண்டும் போய்விடக் கூடாது என்பதற்காக. பூகம்பம் வந்தால் கொக்கியைத் தாங்கி ஓடும் டிராலி தண்டவாளத்தை விட்டு எகிறாமல் இருக்கப் பிடிப்புகள். பிரேக் மட்டும் நம் ஊர்க் கிரேனிலும் இதே தத்துவம்தான். மின்சாரம் வந்தால் பிரேக் விடும், மின்சாரம் போனால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும். பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எடைதான் கஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலை என்கிற அணு உலைக்கு 2008 ஜூனில் வெளிப் பாத்திரமான பாதுகாப்புக் கலனையும், 2009 டிசம்பரில் அதற்குள் முதன்மைக் கலனையும் இறக்கினார்கள். முதன்மைக் கலன் சுமார் 13 மீட்டர் விட்டம், சுமார் 200 டன். 200 டன் தூக்குகிற கிரேன் ஊரில் இல்லாததல்ல. ஆனால் அவ்வளவு அகலமான பாத்திரத்தின் சுவர் சில சென்டிமீட்டர் தடிமன்தான். தூக்கும்போது வட்டம் நசுங்கக் கூடாது. வெளிக்கலனுக்கும் உள்கலனுக்கும் நடுவில் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி. கல்யாண வீட்டுச் சோற்றுக் குண்டானை இன்னொரு குண்டானுக்குள் எங்கும் தட்டாமல் இறக்குவது போல. படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது உண்மை.

பெருந்துறை, ஓடுகிற உலையில் பராமரிப்பு வேலை

அவங்க ரெண்டு பேரும் கட்டுமானம். நாங்க ஓடற உலையில. இங்க பாரம் விழுந்தா என்ன ஆகும்ங்கறதோட, எது மேல விழும்ங்கறதும் சேர்ந்துக்கும். எரிஞ்ச எரிபொருள் தண்ணித் தொட்டியில கெடக்கும். அதுக்கு மேல கனமான பண்டத்தைக் கொண்டு போறதே கூடாது. கிரேன் அந்தப் பக்கம் திரும்பாம இருக்கறதுக்கே பூட்டு வெச்சிருப்பாங்க. குறுக்கு வழி 10 மீட்டர்னாலும் சுத்து வழி 40 மீட்டர்தான். அதுவும் தரையில கோடு போட்ட வழி. எவ்வளவு உயரம் தேவையோ அதுக்கு மேல ஒரு சாண்கூடத் தூக்க மாட்டோம். பெரிய பாரத்தைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டறது நம்ம ஊர்ப் பழக்கம். அங்க முழங்கால் உயரத்துல நகர்ந்து போனா, அதுதான் நல்ல கிரேன்காரன்.

எனக்கு மறக்காதது ஒரு வாசர், நட்டுக்கு அடியில போடற வளையம். தொட்டிக்குப் பக்கத்துல வேலை. உள்ள போறப்ப கையில இருக்கற ஒவ்வொரு பொருளையும் எழுதிக்குவாங்க. ஸ்பேனருக்குக் கயிறு கட்டி மணிக்கட்டுல மாட்டணும். பேனா சட்டைப்பையில இருக்கக் கூடாது. என் கையில அண்ணமார் கோயில் கயிறு கட்டியிருந்தேன். அறுக்கச் சொல்வாங்களோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. அவரு அது மேல டேப்பைச் சுத்திவிட்டு "போங்க"ன்னாரு.

வேலை முடிஞ்சு வெளிய வந்து எண்ணுனா, 8 வாசர் போயி 7தான் வந்திருக்குது. அஞ்சு ரூவாய்க்குப் பெறாத பண்டம். அடுத்த ஷிப்டு நிக்குது, கிரேன் நிக்குது, நாங்க தரையில முட்டி போட்டு விளக்கடிச்சுத் தேடறோம். தொட்டிக்குள்ள விழுந்திருந்தா? எரிபொருள் கட்டுக்குள்ள போய்ச் சிக்கியிருந்தா? கடைசியில என்னோட பூட்ஸ் மடிப்புல இருந்துச்சு. வெட்கத்துல எனக்கு வேர்த்துப் போச்சு. மேற்பார்வையாளர் அதை வாங்கிப் பார்த்துட்டு, பதிவேட்டுல "8" எழுதி, கையெழுத்தை என்னையே போடச் சொன்னாரு.

நாமக்கல், லாரி பாடி கட்டும் பட்டறை

படிக்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அங்க காசு அரசாங்கத்துது, ரெண்டரை மணி நேரம் கிரேனை நிறுத்தலாம். இங்க ஹைட்ராவுக்கு மணிக்கு இவ்வளவுன்னு நான் கொடுக்கணும். சேசிஸ் வெளிய நிக்குது, பார்ட்டி போன்ல நிக்கறாரு. ரெட்டை ரோப்புக்கும் ரெட்டை பிரேக்குக்கும் நான் எங்க போறது?

சங்ககிரி ரிக்கர்

கோவமெல்லாம் இல்லீங்க. ரெட்டை ரோப்பு யாரும் கேக்கல. நீளச் சிலிங்குக்கு எவ்வளவு ஆகும்? ஒரு தடவை வாங்குனா வருசக்கணக்குல கெடக்கும். பாரத்துக்கு அடியில ஆளு நிக்காம இருக்கறதுக்குக் காசே ஆகாது. ஹைட்ராக்காரங்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. 12 டன்னுன்னு பக்கவாட்டுல எழுதியிருக்கறது பூமைச் சுருக்கிக் கிட்டக்க வெச்சுத் தூக்கறப்ப. நீட்டி வெச்சா எத்தனை டன்னு? பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த அட்டவணை கேபினுக்குள்ளயே ஒட்டியிருக்கும், மேல சாமி படம் ஒட்டி மறைச்சிருப்பாங்க.

கோவைப் பொறியாளர்

பட்டறைக்காரருக்கு இரண்டு விஷயம். வருடத்துக்கு ஒரு தடவையாவது கிரேன், செயின், ரோப் எல்லாவற்றையும் தகுதியுள்ளவர் பார்க்க வேண்டும், தூக்கக்கூடிய எடையை அதிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அணு உலைக்காக வந்த சட்டம் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவிலேயே எல்லாத் தொழிற்சாலைக்கும் எழுதி வைத்தார்கள்.

இன்னொன்று, அணுமின் நிலையம் என்றால் தப்பே நடக்காது என்றும் இல்லை. 2013 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் ஆர்கன்சா நியூக்ளியர் ஒன் நிலையத்தில் ஜெனரேட்டரின் ஸ்டேட்டரை (சுழலாமல் நிற்கும் பாகம்) மாற்றினார்கள். 500 டன்னுக்கு மேல். நிலையத்துக் கிரேன் தாங்காது என்று தற்காலிகமாக ஒன்றை அமைத்தார்கள். அது சரிந்தது. ஒருவர் இறந்தார், 8 பேருக்குக் காயம். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட்டும் நின்றுபோனது. கதிர்வீச்சு வெளியே வரவில்லை. விசாரித்ததில், வடிவமைப்பு போதவில்லை. அதோடு தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய லோடு டெஸ்ட்டையும் செய்யவில்லை. கூடுதல் பாரம் ஏற்றிச் சோதித்திருந்தால் ஆள் பக்கத்தில் இல்லாதபோதே அது வளைந்து காட்டியிருக்கும். நான் இப்போதெல்லாம் வாடிக்கையாளர் "டெஸ்ட்டுக்கு இரும்புக்கட்டி எங்கே தேடுவது, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுகிறேன். இரண்டு ஆர்டர் போயிருக்கிறது.

காங்கேயம் பக்கம், கிணறு வெட்டற கிரேன்

நான் படிச்சவன் இல்லீங்க, பையன் படிச்சுக் காட்டுனான். எங்குளுது கிணத்து மேட்டுல நிறுத்தற கிரேன். டீசல் எஞ்சின், ஒரு ரோப்பு, ஒரு தொட்டி. 90 அடி ஆழம். அதே தொட்டியிலதான் கல்லும் வருது, அதே தொட்டியிலதான் ஆளும் ஏறி எறங்கறோம். நீங்க சொல்ற ரெட்டை ரோப்பைக் கேட்டதும் சிரிப்பா வந்துச்சு, அப்பறம் ராத்திரி தூக்கம் வரல.

எங்கப்பாரு மாடு கட்டிக் கிணத்துத் தண்ணியைக் கவலை எறைச்ச காலத்துல, மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி வடத்தை முழம் முழமாக் கையில உருவிப் பார்ப்பாரு. அந்த வடத்து மேலயே உக்காந்துதான் மாட்டை ஓட்டிட்டுப் போகணும், பாக்காம எப்படி? நான் கம்பி ரோப்பை அப்படிப் பார்த்தது இல்ல. இன்னிக்குக் காலையில எஞ்சினை நிறுத்திப்போட்டு, பழைய வேட்டித்துணியைச் சுத்தி மெதுவா உருவுனேன். கொக்கிக்கு மேல 3 முழத்துல துணி மாட்டிக்கிச்சு. பிரிச்சுப் பார்த்தா இழை அறுந்து கருவேல முள்ளாட்டம் நிக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல.

ரோப்பு ஈரோட்டுல இருந்து மத்தியானம் வருதுங்க. ஆளுங்க வேப்பமரத்தடியில சும்மா உக்காந்திருக்காங்க. கிணத்துக்காரரு ரெண்டு தடவ வந்து, அந்தச் சைசிங்காரரு கேட்டதையேதான் கேட்டுட்டுப் போறாரு.

சங்ககிரி ரிக்கர்

நல்ல வேலை பண்ணுனீங்க. பழைய ரோப்பைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டுருங்க, இல்லீன்னா வேற யாராச்சும் எடுத்துக் கட்டிருவாங்க. புது ரோப்புக்குக் கிளாம்பு போடறப்ப பார்த்துப் போடுங்க. கிளாம்போட யு வளைவு வெட்டுன முனை பக்கம் வரணும், அடிக்கட்டை பாரம் இழுக்கற பக்கம் இருக்கணும். ஒண்ணு அப்படி, ஒண்ணு இப்படின்னு மாத்தி மாத்திப் போடாதீங்க. மொதல்ல ஆளு ஏறாம, கல்லை மட்டும் ஏத்தி நாலஞ்சு தடவ ஓட்டிப்போட்டு நட்டு எல்லாத்தையும் மறுபடி முறுக்குங்க. புது ரோப்பு இழுபட்டுக் கொஞ்சம் மெலியும், நட்டு தளர்ந்திருக்கும்.