விஆர் குறும்படம்: பையன் முகத்தில் வெளிச்சம் திட்டுத்திட்டாக ஊர்கிறது, உதவுங்கள்

அரைத்தூக்கம்:
பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் 75 நொடிக் குறும்படம் ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன். பையன் விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விளையாடுகிறான். பாட்டி தோசையை வைத்துவிட்டு மூன்று முறை கூப்பிடுகிறாள். அவன் காதில் விழவில்லை, தோசை ஆறிப்போகிறது. அவ்வளவுதான் கதை.

விளையாட்டின் வெளிச்சம் அவன் கன்னத்தில் மாறி மாறி விழ வேண்டும். திரைக்கு எமிஷன் (தானே ஒளிரும் தன்மை) கொடுத்து, பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் 64 சாம்பிள் (ஒரு புள்ளிக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்பது), டீநாய்ஸ் (புள்ளி இரைச்சலை ஊகித்து அழிப்பது) போட்டேன். ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. ஓட்டினால் கன்னத்தில் ஏதோ ஊர்கிறது. ஃபிரேமுக்கு 4 நிமிடம், 1,800 ஃபிரேமுக்கு 5 நாள். போதாக்குறைக்கு நேற்று ராத்திரி பாதியில் கரண்ட் போய்விட்டது, எம்பி4 கோப்பு இப்போது திறக்கவே இல்லை.

மைப்புட்டி:
நேராக எம்பி4 வீடியோவாக ரெண்டர் செய்யவே கூடாது தம்பி. ஃபிரேமுக்கு ஒரு படமாக பிஎன்ஜி வரிசையாக எடுங்கள், ஓவர்ரைட் (பழைய படத்தின் மேலேயே மறுபடி எழுதுவது) டிக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் போனால் பாதியில் நின்ற கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும், இருக்கிற படங்களை அதுவே தாண்டிப் போகும்.

ஊர்வதற்குக் காரணம் டீநாய்ஸ். சாம்பிள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் அது வேறு மாதிரி ஊகிக்கிறது. எமிஷன் திரையை வெளிச்சத்துக்கு நம்பாமல், அதன் முன்னால் ஒரு ஏரியா லைட் (பலகை வடிவ விளக்கு) வையுங்கள். அதன் நிறத்தைக் கையால் ஆறேழு ஃபிரேமுக்கு ஒரு கீ (அந்த ஃபிரேமில் இந்த நிறம் என்ற குறிப்பு) வைத்து, கான்ஸ்டன்ட் இன்டர்பொலேஷன் கொடுங்கள், நிறம் மெல்லக் கலக்காமல் சட்டென்று மாறும். முகம் நெருக்கத்தில் வரும் ஷாட்டுக்கு மட்டும் 256 சாம்பிள்.

கோடுபோடுகிறவள்:
அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ஹெட்செட் மாட்டினால் வெளிச்சம் எப்படி முகத்தில் விழும்? சுற்றிலும் பஞ்சு அடைத்திருக்கும், மூக்கோரத்தில் ஒரு கீற்று கசிந்தால் உண்டு. கண்ணும் தெரியாது. மூழ்கிப்போனவனைக் காட்டுவது கண்தானே? கையில் போனைக் கொடுத்துவிடுங்கள். திரையை வெறித்துப் பார்க்கிறவர்கள் கண் சிமிட்டுவது குறைந்துவிடும். பாட்டி இயல்பாகச் சிமிட்டட்டும், இவன் படம் முழுக்க இரண்டே முறை.

நேரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. அறைக் காட்சிகளை ‘டூஸ்’ஸில் செய்யுங்கள், அதாவது நொடிக்கு 12 படம். ரெண்டரில் ஸ்டெப் 2 வைத்து (ஒன்று விட்டு ஒரு ஃபிரேம்), எடிட்டிங்கில் நொடிக்கு 12 என்று கொண்டுவந்தால் நீளம் மாறாது. விளையாட்டு உலகத்தை மட்டும் பிளெண்டரின் வேகமான ரெண்டரரான ஈவீயில் நொடிக்கு 24 படமாக ஓட்டுங்கள். வீடு திக்கித் திக்கி நகரும், விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும். அவனுக்கு எது நிஜம் என்பதை வசனமில்லாமலே சொல்லிவிடலாம். கேமராவை மட்டும் அறையில் அசைக்காதீர்கள், கண்ணை உறுத்தும்.

அரைத்தூக்கம்:
அக்கா, ஹெட்செட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் மாட்டிப் பார்த்தே இல்லை! போனுக்கு மாற்றிவிட்டேன். அறை 50 நொடி, இப்போது 600 படம்தான், 40 மணி நேரம். ஏரியா லைட் வைத்ததும் கன்னத்தில் ஊர்வது நின்றுவிட்டது. கழுத்து நிழலில் மட்டும் லேசாக மிச்சம் இருக்கிறது.

தோசை ஆவிக்கு ஸ்மோக் சிமுலேஷன் (புகை நகர்வதைக் கணக்கிட்டு உருவாக்குவது) போட்டேன், லேப்டாப் அலறுகிறது. வேறு வழி உண்டா?

மைப்புட்டி:
சிமுலேஷன் எதற்கு? இரண்டு பிளேன் (தட்டையான தாள் போன்ற வடிவம்) வை, அதில் நாய்ஸ் டெக்ஸ்சரை (மேகம் போன்ற திட்டு வடிவத்தை) மேல்நோக்கி நகர்த்து, ஆல்ஃபாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, ஆவி மங்கி மறையும். மூன்றாவது முறை பாட்டி கூப்பிடும்போது ஆவி நின்றிருக்கட்டும்.