பூச்சி மாத்திரை பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் போதாதா? திமிரிப் பகுதி ஆய்வு குறித்து ஒரு கேள்வி

திமிரி வாசகி எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திமிரி ஒன்றியத்தில் இருக்கிறது. இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட எங்கள் பகுதி வேலூர் மாவட்டமாக இருந்த காலத்திலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த களப்பணியாளர்கள் வீடு வீடாக வந்து, குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்து, தங்கள் கண்ணெதிரேயே விழுங்கச் செய்தார்கள். ஆனால் சற்றுத் தள்ளியிருந்த என் அக்காவின் ஊரில் பெரியவர்களுக்கு எதுவும் தரவில்லை. வழக்கம்போலப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்கு மட்டுமே தந்தார்கள். என் மாமியாரோ, "எனக்கென்ன வயிற்றில் பூச்சியா இருக்கிறது?" என்று சொல்லி ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டார்.

நோயே இல்லாதவருக்கு ஏன் மருந்து? ஓர் ஊருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஊரை விட்டது ஏன்? ஒரு மாத்திரையால் ஒரு நோயை ஓர் ஊரிலிருந்தே ஒழித்துவிட முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆய்வகத்தான் எழுதிய பதில்:

நான் வேலூரில் ஓர் ஆய்வகத்தில் மலப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். நீங்கள் குறிப்பிடும் ஆய்வில் எனக்குப் பங்கில்லை என்றாலும், அதை அக்கறையோடு தொடர்ந்து படித்து வருகிறேன்.

அது டீவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வு. பொதுச் சுகாதார ஆய்வாளர் ஜட் வால்சன் தலைமையில், பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்தது. இந்தியாவில் அதை நடத்தியது கிறித்துவ மருத்துவக் கல்லூரி. தேர்ந்தெடுத்த இடங்கள் உங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும். ஒவ்வொரு நாட்டிலும் ஆய்வுப் பகுதியை 40 தொகுதிகளாகப் பிரித்தார்கள். அவற்றில் 20 தொகுதிகளில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை என்று மூன்று ஆண்டுகள் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கப்பட்டது. மற்ற 20 தொகுதிகளில் அரசின் வழக்கமான பிள்ளைகளுக்கான திட்டம் மட்டும் தொடர்ந்தது. எந்தத் தொகுதி எதில் சேர வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையிலேயே முடிவு செய்தார்கள். உங்கள் அக்காவின் ஊர் விடுபட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். யாரும் அந்த ஊரைப் புறக்கணிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் இல்லாவிட்டால், புழு குறைந்தது மாத்திரையாலா, கழிப்பறையாலா, மழை பொய்த்ததாலா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பெரியவர்களுக்கு ஏன் என்பதே உங்கள் கேள்வியில் முக்கியமானது. நம் பகுதியில் அதிகம் காணப்படுவது கொக்கிப்புழு. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம்தான் மிகுதியாக இருக்கும். கொக்கிப்புழு அப்படியல்ல, வயது ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும். அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் நிழலும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு வாரத்தில் தொற்றும் நிலையிலுள்ள இளம்புழுவாகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்க் கடித்துக்கொள்ளும். (தோல் வழியாக நுழைகிறது என்பதை முதலில் உணர்ந்தவர் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ். ஆய்வின்போது இளம்புழு கலந்த நீர் அவர் கையில் சிந்தி அரிப்பெடுத்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன.) நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் இறங்குகிறவர்கள் பெரியவர்கள்தானே! ஒரு பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் புழு நீக்கிவிட்டு, அவர்களுடைய பெற்றோரையும் பாட்டியையும் விட்டுவிட்டால், அதே கொல்லைக்காட்டில் அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடி தொற்றிக்கொள்ளும்.

உங்கள் மாமியாருக்குப் புழு இருந்தாலும் வெளியே தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்ற கொக்கிப்புழு வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி இரத்தத்தை வீணாக்கும். நூறு புழு இருந்தால் 3 மில்லி. வலியே இல்லாமல் மாதக்கணக்கில் இப்படிப் போகும் இரத்தம் இரத்தசோகையாக, மூச்சிரைப்பாக, "வயசாகிவிட்டது, முடியவில்லை" என்ற பேச்சாக வெளிப்படும்.

ஒழிக்க முடியுமா என்பதற்கு அந்த ஆய்வே ஓர் அளவுகோலை முன்வைத்தது: கடைசிச் சுற்று மாத்திரை கொடுத்து 24 மாதங்கள் கழித்தும் தொற்று 2 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால், அங்கே பரவல் அறுந்துவிட்டதாகக் கொள்ளலாம். அதைக் கண்டறிவதும் எளிதன்று. மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி முட்டையை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறையில், தயாரித்த தகட்டை ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்க்காவிட்டால் கொக்கிப்புழுவின் முட்டை கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும்; புழு குறைவாக உள்ளவரிடம் முட்டையே சிக்காது. ஆகவேதான் மரபணுப் பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையை அந்த ஆய்வில் பயன்படுத்தினார்கள்.

பழைய சுகாதார ஆய்வாளர் எழுதிய பதில்:

மேலே நண்பர் எழுதியதில் பிழை காணவில்லை; ஆனால் மாத்திரைக்கு அவர் தரும் இடம் சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வட ஆற்காட்டில் சுகாதாரத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குடிநீர் வழியே உடலுக்குள் புகும் புழுவால் வரும் நரம்புச்சிலந்தி நோயை இந்தியா ஒழித்தது எப்படி என்று இளையவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்தப் புழுவைக் கொல்ல மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. இறங்கித் தண்ணீர் மொள்ளும் படிக்கிணறுகளை மாற்றியும், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லியும், அந்தப் புழுவைச் சுமக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைக் கொல்லக் கிணற்றில் டெமிபாஸ் மருந்திட்டும், ஊர் ஊராக நோயாளிகளைத் தேடியும்தான் அதை ஒழித்தார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. புழு மனிதனை அடையும் வழியை அடைத்ததால் கிடைத்த வெற்றி அது.

யானைக்கால் நோய்க்கு டி.இ.சி. மாத்திரை கொடுத்த காலத்தில், கையில் வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் தெரு முனையைத் தாண்டியதும் வாசலில் எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலே வீங்காதவரிடம், ஏன் விழுங்க வேண்டும் என்று உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

கொக்கிப்புழுவிலும், திறந்தவெளியில் மலம் கழிப்பது நிற்காதவரை எத்தனை சுற்று மாத்திரை கொடுத்தாலும் மண் மறுபடி கெடும். கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. தண்ணீர் வசதி இல்லாமல் அதைப் பயன்படுத்தச் சொல்வதில் பொருளில்லை.

ஆய்வகத்தான்:

ஐயா, கழிப்பறை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கழிப்பறையும் தண்ணீரும் ஊர் முழுக்க வந்து சேரும்வரை, இன்று இரத்தசோகையோடு நாற்று நடும் பெண் காத்திருக்க முடியாது. மாத்திரை இப்போதே சுமையைக் குறைக்கும்; கழிப்பறை அந்தக் குறைவை நிலைக்கச் செய்யும்.

விழுங்கச் செய்வதே கடினம் என்று நீங்கள் சொன்னது முழு உண்மை. ஜவ்வாது மலையில் குடும்பங்களே பிழைப்புக்காக மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுகின்றன. மாத்திரை கொடுக்கும் வாரத்தில் வீடு பூட்டியிருந்தால், திரும்பி வரும்போது அவர்கள் புழுவோடுதான் வருவார்கள். விடுபட்டவர்களை மறுபடி தேடிப் போவதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

திமிரி வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம். ஆண்டுதோறும் இதே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் புழு அதற்குப் பழகிவிடாதா? எங்கள் ஆட்டுக்கு முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்பதில்லை.

ஆய்வகத்தான்:

உங்கள் ஐயம் மிகச் சரியானது. செம்மறியாடு, வெள்ளாடுகளின் குடற்புழுக்களில் அல்பெண்டசோல் வகை மருந்துக்கு எதிர்ப்பு உருவானது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. மனிதப் புழுவிலும் அது நேரலாம் என்பதால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் முட்டை எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று கண்காணிப்பது கட்டாயம். முடிவே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, சில ஆண்டுகள் அனைவருக்கும் முழுமையாகக் கொடுத்துப் பரவலை அறுத்து நிறுத்திவிட முடியுமா என்று ஆராய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராம சுகாதாரச் செவிலியர் எழுதிய பதில்:

நடைமுறைத் தகவல்கள் சில. தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாட்களில் வருகிறது. ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கும், தமிழ்நாட்டில் கூடுதலாக 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தருகிறோம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அன்று தருவதில்லை. அளவு 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. மென்று விழுங்க வேண்டும். சிலருக்கு இலேசான வயிற்றுவலியோ குமட்டலோ வந்து தானே அடங்கிவிடும். காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு அன்று கொடுக்காமல், உடல் தேறிய பிறகு விடுபட்டோருக்கான நாளில் கொடுப்போம்.

சகோதரி, உங்கள் மாமியார் வயலில் வேலை செய்பவராக இருந்து, களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்து ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால், மருத்துவர் பார்த்துப் புழு மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் தருவார். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டவுடன் டீ குடிக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.