மாரடைப்புக்குப் பின் இதயத் தசை மீண்டும் வளருமா?

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்):
மாரடைப்புக்கு மதுரையில் சிகிச்சை பெற்ற என் தந்தையாருக்கு, எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) இதயம் ரத்தத்தை வெளியேற்றும் விகிதம் 38 விழுக்காடு என்று குறித்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்கிறார்கள். அதில் கூடுதலாக என்ன தெரியும்? இறந்த தசையை வளர்க்க இயலுமா?

மறுமொழி (மருத்துவப் பொறியியல் மாணவி, திருமங்கலம்):
ஐயா, இதயம் எவ்வளவு சுருங்குகிறது என்பதை எக்கோ காட்டும். ஆனால் சுருங்காத பகுதி தழும்பாகிவிட்டதா, ரத்தம் போதாமல் உயிரோடு முடங்கிக் கிடக்கிறதா என்பதை வழக்கமான எக்கோவால் தெளிவாகப் பிரித்துச் சொல்ல இயலாது. கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தைச் செலுத்திச் சுமார் 10 நிமிடங்களுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்தால், அது தழும்பில் தங்கி வெளிச்சமாகத் தெரியும். தழும்பு சுவரின் தடிமனில் பாதிக்கும் குறைவாக இருந்தால், அடைப்பை நீக்கிய பின் அப்பகுதி மீள நல்ல வாய்ப்புண்டு. ஆகவே இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மறுமொழி (மேலூர் வாசகர்):
வயது வந்தோரின் இதயத் தசைச் செல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் புதுப்பிக்கப்படுகின்றன என்று, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்து செல்களிலும் பதிந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைக் கொண்டு 2009இல் கணக்கிட்டார்கள். அதனால்தான் தழும்பு தானாக மாறுவதில்லை. ஸ்டெம் செல்களிலிருந்து (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வளர்த்த தசை ஒட்டுகளை ஜப்பானிலும் ஜெர்மனியிலும் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஒட்டிய தசை இதயத்தின் துடிப்போடு இசைந்து துடிக்க வேண்டும், உடல் அதை ஏற்கவும் வேண்டும் என்பவையே பெருஞ்சிக்கல்கள். உறுதியாகக் குணமாகும் என்று விளம்பரம் செய்வோரிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.